வரைபடத்தில் இல்லாத பாறை

லிஸ்பன்,
தவக்காலம், 1514

என் ஆயிரெஸுக்கு, உங்கள் கியோமார் எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். அவளுக்குப் பல் முளைத்துவிட்டது. கருவாட்டுத் துண்டு கொடுத்தால் போதும், சப்பிக்கொண்டே கிடக்கிறாள்.

நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு வந்த கோடையில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஜில் என்ற மாலுமி, என் அண்ணன் பாஸ்தியாவின் வரைபடப் பட்டறைக்கு வந்தான். மொசாம்பிக்குக்குத் தெற்கே, வெறும் கடலாக விட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்தான். "இங்க பாறை இருக்கு. கடல் வத்தினாலும் தலை காட்டாது. எங்க கூட வந்த கப்பல் இதுலதான் ஒடைஞ்சுது" என்றான். அது நீங்கள் போகும் வழி.

அண்ணன் அந்த இடத்தில் சிலுவைக் குறிகள் போட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு கப்பல்களுக்கு வரைபடம் தரும் அரண்மனைக் கூடத்துக்குப் போனார். அங்கே, இடத்தைக் கணிக்கச் சூரியனின் உயரத்தை அளந்தது யார் என்று அதிகாரி கேட்டாராம். "கப்பல் ஒடையும்போது சூரியனை எவன்யா பாத்தான்? தண்ணியில கெடந்த ஆளுங்களத் தூக்கவே கை பத்தல" என்றிருக்கிறான் ஜில். அதிகாரி கெட்டவர் இல்லை. "அளவில்லாம நான் ஒரு பாறையப் போட்டா, அதுக்குப் பயந்து வெலகுறவன் வேற எதுலயாவது மோதுவானே!" என்று அவரும் வருந்தினாராம். குறிகளைக் கத்தியால் சுரண்டிவிட்டார்கள். அண்ணன் மறுபடியும் போட்டார். இப்போது அவர் வரையக் கூடாது என்று உத்தரவு. பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

ஜில் இங்கே விரல் வைத்த அந்த வாரங்களில்தான் நீங்கள் அந்தக் கடலைக் கடந்திருப்பீர்கள். கணக்குப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

வெனிஸ் வியாபாரிகள் வழியாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. உங்கள் கப்பல் அணியில் ஒன்று மட்டும் கொச்சிக்குப் போய்ச் சேரவில்லையாம். எது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு லியோனோரின் கணவரும் அந்த அணியில்தானே, வேறு கப்பலில். நாங்கள் இருவரும் ஒரே மாதாவின் முன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவள் என்ன வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் வேண்டுவது அவளுக்கும் தெரியும். "உம்மேல எனக்குக் கோவம் இல்லடி" என்று நேற்று சொல்லிவிட்டு அழுதாள்.

இந்த வருட அணியும் பழைய வரைபடத்தோடுதான் போகிறது. ஜில் அதில் ஏறுகிறான், வேறு பிழைப்பு அவனுக்கு ஏது? இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுக்கிறேன். மொசாம்பிக் துறையில் உங்களைப் பற்றி விசாரிப்பான், பிறகு கொச்சியிலும். எங்காவது நீங்கள் இதைப் படித்தால், போனதுபோல் கப்பலுக்கு வழிகாட்டியாக வர வேண்டாம், மூட்டை தூக்கியாவது ஏதாவது ஒரு கப்பலில் வந்துவிடுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஜில் கேட்டான். கடலில் போட்டுவிடு, திருப்பி என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடாதே என்றேன். சரி என்று தலையாட்டினான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எந்தக் கரையில் இருந்தாலும், கரையே இல்லாத இடத்தில் இருந்தாலும், மாதா உங்கள் அருகில் இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
கியோமார்