சார்ஜ் நிற்காத போன்

செவ்வாய், இரவு

போன லீவில் இவர் துபாயிலிருந்து வாங்கிவந்த போன். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அறந்தாங்கிக் கடையில் பேட்டரியை மாற்றியும் அதே கதை. இன்று நானே செட்டிங்ஸில் தேடினேன். நான் எங்கே போகிறேன் என்று நாள் முழுக்க இவருக்குக் காட்டும் ஆப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சொல்லாமலே போட்டுக் கொடுத்திருக்கிறார். எடுத்துவிட்டேன்.

சாயங்காலமே கூப்பிட்டார்.

"எங்க இருக்க? ஒண்ணும் காட்டலையே?"

"வீட்லதாங்க. சார்ஜ் நிக்கல, அந்த ஆப்ப எடுத்துட்டேன்."

"திரும்பப் போடு."

"போட மாட்டேங்க. எங்க இருக்கேன்னு தெரியணும்னா போன் பண்ணிக் கேளுங்க, சொல்றேன்."

பட்டென்று வைத்துவிட்டார். போனில் இன்னும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன். கூப்பிடட்டும்.