கேமராவைத்தானே கேட்டார்

அன்பு மகள் ரூத்தாவுக்கு,

பைரிக்கியிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. உன் கால் வீக்கம் வற்றியதா, முதியோர் இல்லத்தில் உனக்கு இரவு வேலையை மாற்றிக் கொடுத்தார்களா, அந்தக் குளிரில் காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாயா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பதினோரு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படுகிற நெருக்கத்தில் இருந்துவருகிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். போன பௌர்ணமிக்குப் பெரிய தண்ணீர் வந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டது, இன்னும் தேநீர் உப்புக் கரிக்கிறது, உன் அப்பா அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார், நான்தான் கடலைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்காரவைத்த மாதிரி. கப்பல் வேலையை விட்டு வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சுத்துணை நான், ஏச்சுத்துணையும் நான். நீ மாடியில் மீன் காயப்போட்டுப் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டேன், வேண்டாமடி, அந்த ஊர் மூக்குக்கு நம் கருவாடு தாங்காது.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போதகர் மனைவி இன்று பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறுகிறார், போகிற வழியில் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உன் சித்தப்பா பரானிகோவும் இன்றைக்குத்தான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், தண்ணீர் ஏறியதும் படகைக் கட்டிவிட்டு நேரே இங்கே. இரண்டு பேரில் யார் முதலில் வருகிறார்கள் என்பதில்தான் என் உயிர் தொங்குகிறது. தண்ணீர் ஏற ஆரம்பித்தாயிற்று.

நீ அனுப்பிய அந்தத் தண்ணீருக்குள் போகிற கேமராவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வந்த புதிதில் அதைத் தொடவே பயந்து துணியில் சுற்றி வைத்திருந்தேன், உனக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள் சாலையோரம் மீன் விற்க உட்கார்ந்திருந்தபோது ஐஸ் பெட்டியைத் திறந்தேன், மேலாகக் கிடந்த சூரையின் முதுகில் வெயில் பட்டு நீலமாய் ஒரு கோடு ஓடியது, சும்மா ஒன்று எடுத்துப் பார்ப்போமே என்று எடுத்தேன். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. பக்கத்தில் விற்கிற தீனாய் இருக்கிறாளே, அவள் “என்னடி தெபோரா, மீனுக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறே, உன் மக ஊருக்கு அதுங்களையா அனுப்பப்போறே” என்று சந்தையே சிரிக்கச் சிரிக்கக் கேட்டாள். கேட்டால் கேட்கட்டும். தண்ணீர் வற்றிய நேரத்தில் மட்டி தோண்டும் பெண்களின் விரல்களை எடுத்தேன், கணவாய் தன் கையைச் சுருட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதை மற்றக் கையால் எடுத்தேன், பல்லைக் காட்டிக்கொண்டு அஞ்சாலை விலாங்கு ஒன்று பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததை எடுத்தேன், பறவைக்கோலா மீன் குவியலுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கும் உன் அப்பாவையும் எடுத்தேன், எது மீன் என்று நீயே சொல்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டின நம் மீன்பட்டிக்குள் தலையை முக்கி எடுத்தது. பெரிய பால்கெண்டை ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு கல்லை ஒட்டியே சுற்றிச் சுற்றி வருகிறது. வந்த வாசல் அதற்குப் பின்னால் அப்படியே திறந்துதான் கிடக்கிறது. திரும்பமாட்டேன் என்கிறது ரூத்தா, முன்னாலேயே போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு முட்டும்வரை தண்ணீருக்குள் கிடந்தேன். இந்தத் தீவில் இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் பெருங்கடல், நடுவில் ஒரே ஒரு சாலை, எங்கே போனாலும் யாராவது சொந்தக்காரர் கண்ணில் பட்டுத்தான் ஆகவேண்டும். தண்ணீருக்குள் தலையை விட்டால் மட்டும்தான் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒளித்து வைத்தேன், அரிசிப் பெட்டிக்குள், தாழம்பாய்க்கு அடியில், ஒரு தடவை சோற்றுப் பானைக்குள்கூட. நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்து புபுசி என்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்கிற நாக்கு எந்த மனுஷனுக்கு இருக்கிறது? கண்ணில் பட்டால் கேட்பார்கள், கேட்டால் கொடுக்கவேண்டும், அதனால் கண்ணில் படாமல் வைப்பது ஒன்றுதான் வழி.

ஆனால் பட்டுவிட்டது. போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில், மனேயபா மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, பரானிகோ எழுந்து நின்றார். அவர் பேரனுக்கு முதல் பிறந்தநாள் விருந்து வருகிறதல்லவா, இரண்டு பன்றி, ஊரே சாப்பிடப்போகிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவருக்கு விஷம் கிடையாது, அதுதான் கஷ்டமே. “எங்க அண்ணன் மகளைப் படகுக்கு மோட்டார் கேட்டேன், தரமாட்டேன்னுட்டா. பரவாயில்லை, சின்னப் பொண்ணு, வெளியூர்க் காத்து பட்டிருக்கு. எங்க அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லை. அண்ணி, புபுசி, அந்தக் கேமராவை எனக்குக் கொடுங்க” என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நீ போனில் தரமாட்டேன் என்று சொன்ன பிறகு உன் அப்பா இரண்டு மாதம் கூட்டத்துப் பக்கமே போகவில்லை, அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்தார், என் பக்கத்தில் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் இல்லை என்று சொன்னால் அந்த மனுஷன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். கைதட்டினார்கள்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த, படமெல்லாம் தங்குகிற சின்ன அட்டையை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். கேமராவைத்தானே கேட்டார், அட்டையைக் கேட்கவில்லையே. அட்டை இல்லாமல் அது படமே எடுக்காதாம், கடையிலும் அட்டை தீர்ந்துவிட்டதாம், அடுத்த கப்பல் விருந்துக்கு அப்புறம்தான் வருமாம். நேற்றுச் சொல்லி அனுப்பிவிட்டார், “அண்ணிகிட்ட அட்டை இருக்காமே, மீன் படத்தையெல்லாம் அழிச்சுட்டா விருந்துக்கு நிறைய இடம் கிடைக்குமாம்” என்று. உன் அப்பா காலையிலிருந்து “கொடுத்துத் தொலையேன், செத்த மீனை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போறே” என்கிறார். மாட்டேன். அட்டையைக் காகிதத்தில் மடித்து இந்த உறைக்குள் வைத்துவிட்டேன், கடிதம் முடிந்ததும் ஒட்டிவிடுவேன். போதகர் மனைவி கைக்குப் போய்விட்டால் அப்புறம் யார் கேட்டாலும் என்னிடம் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன், அது பொய்யும் இல்லை. அந்தப் பால்கெண்டையை மட்டும் பெரிதாகப் போட்டு உன் அறைச் சுவரில் மாட்டு.

இன்னொன்று. உனக்கு எல்லாருமாகச் சேர்ந்து ஏச்சு விட்டபோது நான் வாயே திறக்கவில்லை, அம்மாவுக்கும் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லையடி, பொறாமை. என் வயிற்றில் பிறந்தவளுக்குத் தரமாட்டேன் என்கிற அந்தச் சொல் எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டே மீன் அறுத்தேன், விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டேன். நீ போய் ஆறு வருஷமாகிறது, பெற்றவள் உன்னிடம் ஒரு கைக்குட்டை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். புபுசி, மகளே. இன்னொரு கேமரா அனுப்பாதே, அதுவும் போய்விடும். நீ வா. கிறிஸ்துமஸுக்கு வா, உன் கழுத்திலேயே ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு வா, கேட்பவர்களுக்கு நீயே பதில் சொல், நான் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். வர முடியாது என்றால், லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று சுற்றி வளைக்காதே. முடியாது என்று மட்டும் எழுது. பெற்றவள் கேட்டும் முடியாது என்று உன்னால் சொல்ல முடிந்தால், அந்தப் பட்டிக்கு வாசல் இருக்கிறது என்று நான் நம்பிக்கொள்வேன்.

உனக்கு நலமும் அமைதியும் குறைவில்லாமல் இருக்கட்டும், கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. காலுக்கு எண்ணெய் தேய், மறக்காதே.

உன்னைப் பெற்ற
தெபோரா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். சித்தப்பாதான் முதலில் வந்தார். ஒட்டின கடிதம் என் மடியில்தான் இருந்தது. என்னிடம் இல்லை என்று சொல்ல வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். மனுஷன் ஈரக் காலோடு வாசலில் நின்று, பெரிய சூரை ஒன்றை எனக்கென்று கீழே வைத்துவிட்டு, “அண்ணி, புபுசி” என்றார், அவ்வளவுதான். என் கை தானாகவே உறையைக் கிழித்தது. அதனால்தான் ஓரம் பிய்ந்து சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, அட்டையை உள்ளே தேடாதே. போதகர் மனைவி வந்து நிற்கிறார். மேலே புபுசி என்று உன்னிடம் கேட்டதில் ஒரு வார்த்தையையும் நான் அடிக்கவில்லை.