லேசான குலுக்கல்

மார்ச் 3, திங்கள்

தம்பிக்கு,

நீ விமானப் பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறாய். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் விமானிகள் அறையில் உன் தபால் பெட்டியில் இதைப் போடுகிறேன்.

நேற்று நீ ஓட்டிவந்த இரண்டாம் எண் விமானம் என் ஷெட்டில் நிற்கிறது. 'லேசான குலுக்கல்' என்று எழுதியிருக்கிறாய். லேசான குலுக்கலிலா பணிப்பெண் கூரையில் மோதித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டாள்? பெல்ட் போடாதது அவள் தப்பாம், மேனேஜர் சொல்கிறார். காற்றுக் கொந்தளிப்பில் நுழையுமுன் வேகத்தை மணிக்கு 180 கடல் மைலாகக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இறக்கை தாங்குமென்று அதைச் செய்தவனே சொல்ல மாட்டான். கருவிப் பதிவில் உன் வேகம் 225. இடது இறக்கையின் அடியில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறது; உள்ளே விரிசல் இருக்கலாம்.

'கடுமையான குலுக்கல்' என்று திருத்து. அப்போதுதான் இறக்கையைத் திறந்து பார்க்க விடுவார்கள்.

அக்கா

மார்ச் 5, புதன்

ஸ்பானர் அக்காவுக்கு,

சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் எடுத்ததும் சண்டையா?

அன்றைக்கு ஏற்கெனவே நாற்பது நிமிடம் தாமதம். இந்த மாதம் இரண்டு முறை மேனேஜர் கூப்பிட்டு, "உனக்குப் பதிலா ஓட்ட வெளியில பத்து பேர் நிக்கிறான்" என்றார். வேகத்தைக் குறைக்கக் கை போனது. குறைக்கவில்லை. இப்போது திருத்தினால் என் லைசென்ஸ் போகும். இரண்டு ரிவெட்டுக்காகவா? விமானம் பறக்கலாம் என்று கையெழுத்தைப் போட்டு ஆளை விடு, தாயே.

அப்புறம், வெள்ளிக்கிழமைக்கு எடுத்திருந்த அம்மாவின் டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அது வேறு விமானம், சீட் வசதியாக இருக்கும்.

அன்புத் தம்பி

மார்ச் 6, வியாழன் மாலை

தம்பிக்கு,

மூன்று வருடமாக அம்மா அந்த இரண்டாம் எண் விமானத்தின் சீட்டில்தான் வந்து போகிறாள். இந்த வாரம் மட்டும் வசதி போதவில்லையா?

நான் கையெழுத்துப் போடவில்லை. "நீ இல்லன்னா இன்னொருத்தன்" என்றார் மேனேஜர். இன்னொருத்தன் போட்டுவிட்டான். மேலிடத்துக்குப் போனேன். விமானி எழுதியதுதான் செல்லுமாம். கருவிப் பதிவை யாரைக் கேட்டுப் பார்த்தாய் என்று என்னையே விசாரிக்கிறார்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த விமானம் கிளம்புகிறது. நாற்பத்தாறு பேர். பட்டியலைப் பார்த்தேன். அம்மாவின் சீட் வேறொரு அம்மாவுக்குப் போயிருக்கிறது. வயது அறுபத்தெட்டு. அவள் டிக்கெட்டை யார் மாற்றுவது?

உன் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெல் அடித்ததும் உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். பதிவேடு ஷெட்டில் என் மேஜையில் திறந்தே இருக்கிறது.

காலை ஆறு மணிக்குள் வந்து திருத்தி எழுது.

அக்கா