பச்சைப் பாட்டியுடன் ஒரு சுற்றுலா

மே 3, சனி

இன்னும் அரை மணியில் கிளம்ப வேண்டும். கார் டிக்கியில் மூன்று பெட்டிகளுக்கும் மேலே, ஊருக்கே தெரியும்படி, பச்சை பிளாஸ்டிக் பாட்டி. குழந்தைகள் உட்கார்ந்து உச்சா, கக்கா போகிற சட்டி. கடைக்காரர் சொன்ன ஆங்கிலப் பெயர் பாட்டி, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. என் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அதனால் ‘பாட்டி மேல உக்காரு’ என்று மகளிடம் சொல்லும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு அது ‘அந்த டப்பா’.

மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். நாங்கள் மூவரும் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பதால் மேனேஜர் என்று கூப்பிடுகிறோம். ஜூன் இரண்டாம் தேதி மேனேஜர் மழலையர் பள்ளியில் சேர வேண்டும். அன்றைக்கே மனைவி ஆஸ்பத்திரி லேபில் திரும்ப வேலைக்குச் சேர வேண்டும். ‘டயப்பரோட வந்தா சேர்த்துக்க முடியாது, அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்று பள்ளி மிஸ் சொல்லிவிட்டார். லேபில் அடுத்த வருடம் வரை யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கப் போவதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எனக்கோ வருடத்தில் இந்த ஒரு வாரம்தான் சேர்ந்தாற்போல் லீவு. ஆக, சுற்றுலாவும் பயிற்சியும் ஒன்றாக.

மனைவி எங்கோ படித்த முறை இது: டயப்பருக்கு முழுத் தடை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு அலாரம். அடித்ததும் குடும்பமே எழுந்து கழிவறைக்குப் போய்க் குழந்தைக்கு முன்னுதாரணமாக இருக்க வேண்டும். காரியம் நடந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும்.

அப்பாவைக் கிளப்பப் பத்து நாள் கெஞ்சினேன். முப்பத்தைந்து வருடம் நில அளவையராக வெயிலில் நடந்த மனிதர். நான்கு மாதம் முன்பு புராஸ்டேட் ஆபரேஷன். அதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். பிறகென்ன பிடிவாதம்?

மே 4, ஞாயிறு

நேற்று நெடுஞ்சாலை ஓய்விடத்தில் தானாகத் தண்ணீர் ஊற்றும் நவீன கழிப்பறை. மேனேஜர் உட்கார்ந்து ஒரு நொடிகூட ஆகவில்லை, அது தானாகக் கர்ஜித்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘உள்ள ஆளு இருக்கு’ என்றாள். அன்றோடு உலகத்தின் எல்லாக் கழிப்பறைகளும் ரத்து. இனி பச்சைப் பாட்டி மட்டும்தான். நாங்கள் போகுமிடமெல்லாம் அதுவும் வர வேண்டும்.

விடுதி வரவேற்பில் இருந்த பெண், ‘மொத்தம் எத்தனை பேர்?’ என்றாள். மேனேஜர் முந்திக்கொண்டாள்.

‘அம்மா, அப்பா, தாத்தா, நான், பாட்டி.’

‘பாட்டி எங்க, கார்லயா?’

‘டிக்கில இருக்கு. நான் அது மேல உக்காருவேன்.’

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. நான் விளக்கி முடிப்பதற்குள் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு காருக்கு ஓடிவிட்டார். கொண்டுபோன நாற்காலி வீணாக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டியை அதில் வைத்தே லிப்ட் வரை தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு சலனமில்லை. அப்பா பத்தடி தள்ளி, எங்களுக்கு உறவே இல்லாதவர் போல நடந்தார்.

மே 5, திங்கள்

தரை ஆறு. என் செருப்பு ஒன்று. பாட்டி பூஜ்யம்.

மே 6, செவ்வாய்

அருங்காட்சியகம். வாசலில் பையைச் சோதித்த காவலர் பாட்டியை வெளியே எடுத்து மூடியைத் தட்டிப் பார்த்தார்.

‘இதுக்குள்ள என்ன இருக்கு?’

‘இப்போதைக்கு ஒண்ணுமில்ல,’ என்றேன்.

உள்ளே போய், பழைய வாள்களுக்கு நடுவே அலாரம் அடித்தது. மேனேஜர் பாட்டியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ‘வரல’ என்றாள். ஒரு வெளியூர்க் குழு எங்களைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது. நாங்களும் காட்சிப் பொருள் என்று நினைத்துவிட்டார்கள் போல.

இன்னொன்று. இரண்டுக்குப் போய் மூன்று நாளாகிறது. அடக்குகிறாள். மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். மனைவி ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போல, கண் சிவந்திருக்கிறது. ‘எனக்கு அந்த வேலை வேணும்ங்க,’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த எரிச்சலை அப்பா மேல் காட்டிவிட்டேன். அருங்காட்சியகத்துக்கும் வரவில்லை, நேற்று கடற்கரைக்கும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அறையில் அதே நாற்காலி, அதே செய்தித்தாள்.

‘ரூம்ல உக்கார்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?’

‘நீதான கூட்டிட்டு வந்த,’ என்றார்.

அலாரம் அடித்தது. முதல் ஆளாக எழுந்து உள்ளே போனவர் அவர்தான். இந்த வீட்டில் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள். அதில்கூட எனக்குக் கோபம் வந்தது.

மே 7, புதன்

காலைச் சாப்பாட்டுக் கூடம். நிறையக் கூட்டம். அடுத்த மேசையில் ஒரு கைக்குழந்தை. அதன் டயப்பரை மேனேஜர் உற்றுப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

‘எங்க தாத்தாவும் போட்டிருக்கு. பெருசு.’

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். சத்தமே வரவில்லை. எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, நேராக நடந்து வெளியே போனார்.

நான் மனைவியைப் பார்த்தேன். ‘எனக்குத் தெரியும்ங்க,’ என்றாள். ‘ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அடக்க முடியாது. சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு மாமா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.’

நான்கு மாதம். ஒரே வீடு. நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து சரக்குப் பெட்டியின் மூலையை விரற்கடை பிசகாமல் இறக்குகிறவன் நான். பக்கத்து அறை தெரியவில்லை.

அப்பா கார் நிறுத்தத்தில் எங்கள் வண்டியின் மறுபக்கம் நின்றிருந்தார். என்ன பேசுவது? மன்னிப்புக் கேட்கப் போனவன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

‘அப்பா, கிரேன் கேபின்ல பாத்ரூம் கிடையாது. இறங்கி ஏறினா அரை மணி நேரம். பதினோரு வருஷமா நான் என்ன பண்றேன்னு நினைக்கிறீங்க?’

அவர் திரும்பவில்லை.

‘பாட்டில்ப்பா.’

கார்க் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: ‘எத்தனை லிட்டர்?’

‘ஒண்ணு.’

‘பத்துமா?’

‘டீ குடிச்சா பத்தாது.’

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மே 8, வியாழன்

எழுந்தபோது அப்பா அறையில் இல்லை. ஏழரைக்கு வந்தார், சட்டையெல்லாம் வியர்வை. விடுதியின் கடிதத்தாளில் ஏரிக்கரை முழுவதையும் வரைந்திருந்தார். கழிவறைகள் மட்டும். ஒரு அங்குலத்துக்கு ஐம்பது அடி. ‘படகுத்துறைலேர்ந்து நூத்திப்பதினாலு அடி, வலது பக்கம். ரெண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல,’ என்றார். எனக்கா, மேனேஜருக்கா, தனக்கா என்று சொல்லவில்லை. மேனேஜர் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, ‘சரி’ என்றாள்.

அன்னப் படகு எடுத்தோம். நால்வர், பாட்டியைச் சேர்த்தால் ஐவர். நானும் அப்பாவும் மிதித்தோம். ஏரியின் நட்டநடுவில் போனபோது அலாரம். மேனேஜர் முகம் மாறியது. காலைப் பின்னவில்லை. ‘கக்கா,’ என்றாள். ‘இப்ப.’

ஐந்து நாள் கழித்து வரும் செய்தி. மனைவி பாட்டியை அன்னத்தின் கழுத்தடியில் வைத்தாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரையில் ஒலிபெருக்கி கத்தியது: ‘ஏழாம் நம்பர், எல்லாரும் உக்காருங்க. ஏழாம் நம்பர்.’

‘உக்காந்துதான் இருக்கா,’ என்று மனைவி கரையைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்து அன்னத்திலிருந்து ஒரு வயதான தம்பதி பதறிப்போய் எங்களை நோக்கி மிதித்து வந்தார்கள். ‘ஏதாவது உதவி வேணுமா சார்?’

அப்பா எழுந்து நின்றார். எல்லைக்கல் தகராறில் இரண்டு பக்கத்தாரையும் அடக்குகிற குரல் அவருக்கு உண்டு. பல வருடம் கழித்து அதைக் கேட்டேன். ‘கொஞ்சம் பொறுங்க. நான் சொல்லும்போது கை தட்டுங்க. அது போதும்.’

ஏரியில் காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. மேனேஜர் ஏரியை, வானத்தை, எங்களை வரிசையாகப் பார்த்தாள். பிறகு, ‘ஆச்சு,’ என்றாள்.

‘தட்டுங்க,’ என்றார் அப்பா.

நான்கு படகுகள் கைதட்டின. என்ன விஷயம் என்று தெரியாமல் கரையில் வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் தயங்கி, ‘ஏழாம் நம்பர், நல்லது,’ என்றது. மனைவி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா சிரித்துச் சிரித்து இருக்கையில் சரிந்தார். சட்டென்று நிறுத்தி, என் பக்கம் குனிந்தார்.

‘எனக்கும் ஆயிடுச்சுடா.’

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

நிறைந்த பாட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் துறையில் இறங்கினேன். அப்பா முன்னே நடந்தார். ‘வழி விடுங்க, வழி விடுங்க.’ கூட்டம் மரியாதையாக ஒதுங்கியது. ஒருவர் உள்ளே என்னவென்று எட்டிப் பார்த்துவிட்டு உடனே ஏரியை ரசிக்கத் தொடங்கினார். நூற்றுப்பதினாலு அடி, சரியாக இருந்தது.

மே 10, சனி

திரும்பி வருகையில் பதினோரு நிறுத்தங்கள். ஆறு மேனேஜருக்கு, நான்கு அப்பாவுக்கு. இவர்களைக் கேலி செய்து சிரித்ததில் ஒன்று எனக்கு.

மே 19, திங்கள்

இரண்டு நாளாக ஈரமில்லை. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும்.

மே 20, செவ்வாய்

பட்டுவிட்டது. சோபா.

ஜூன் 2, திங்கள்

மனைவி ஏழு மணிக்கே லேபுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று முறை, ‘மாத்து ஜட்டி பைல இருக்கு’ என்றாள். எனக்கு ராத்திரி ஷிப்ட், அதனால் வீட்டில். மேனேஜரைப் பள்ளியில் விடுகிறேன் என்று அப்பா கூட்டிப் போனார்.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். ‘ஒண்ணும் பயப்படாதீங்க சார்,’ என்றார் மிஸ். ‘உங்க பொண்ணு ஜட்டியெல்லாம் காய்ஞ்சுதான் இருக்கு. ஆனா கிளாஸ்ல யார் எழுந்து உச்சா போனாலும் மத்த புள்ளைங்களை எல்லாம் கை தட்ட வைக்கிறா. பாடமே நடக்கல.’ கண்டித்து வைக்கிறேன் என்று சொன்னேன். கண்டிக்க மாட்டேன்.

மதியம் மேனேஜரை அழைத்து வந்து, சோறு ஊட்டி, தூங்கவைத்தேன். ஒன்றரை ஆகியும் அப்பாவைக் காணோம். காலை எட்டரைக்கு வெளியே போனவர். போன் செய்தேன். நாலைந்து மணி அடித்த பிறகே எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், யாரோ விசில் ஊதினார்கள்.

‘எங்கப்பா இருக்கீங்க?’

‘பஸ்ல. கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் புதுசா நிலம் வாங்கியிருக்கான். எல்லையைப் பார்த்துச் சொல்லணுமாம். போக ரெண்டு மணி நேரம்தான்.’

‘வழியில...’ என்று ஆரம்பித்தேன்.

‘என் சாப்பாட்டை மூடி வை,’ என்றார். ‘வர சாயங்காலம் ஆகும்.’