நன்மை எடுக்காத ஞாயிறுகள்

மாமி,

போன ஞாயிறு பூசையில் எனக்கு முன் வாங்கிலிருந்து ஓடிக்கொலோன் மணம் வந்தது. யாரோ ஒரு தாய் கைலேஞ்சியில் தெளித்துக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் மோசம்போனதை, இனி இல்லை என்பதை, என் மூக்குக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லைப் போல. பிரசங்கம் முழுக்க நான் உங்களோடுதான் இருந்தேன்.

கொழும்புத்துறை வீட்டில் உங்கள் மணம் அதுதான். உங்கள் மகனுக்கும் எனக்கும் கலியாணம் முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகு அவருக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அதுவரை கோயில் பாடகர் குழுவில் பாடிய மனுசன், எனக்கு மீனில் முள் எடுத்துத் தந்த மனுசன், நான் சோற்றில் நஞ்சு கலக்கிறேன் என்றார். நீங்கள் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து முதல் வாய் தின்று காட்டுவீர்கள். அப்போதுதான் அவர் கை வைப்பார். அவர் கத்தியோடு என் அறைக் கதவுக்கு வந்த அன்று, என் உடுப்புகளைப் பையில் திணித்து ஓட்டோ பிடித்துத் தந்ததும் நீங்கள்தான்.

"அரியாலைக்குப் போ பிள்ளை. உன்ரை அண்ணை வீட்டிலை இரு. இவனை நான் பாக்கிறன்."

பல வருடம் பிரிந்திருந்த பிறகு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கிடைத்தது. கோயிலின் தீர்ப்புத்தான் மிச்சம். அண்ணையோடு வேலை செய்த ஒருவர் என்னைக் கட்டக் கேட்டிருந்தார். எனக்கும் ஆசை இருந்தது, அதை ஏன் மறைப்பான். ஆனால் கோயிலில் கட்டாதது எனக்குக் கலியாணமில்லை; அங்கே மறுபடி கட்டுவதென்றால் முதல் கலியாணம் செல்லாது என்று திருச்சபை சொல்ல வேண்டும். குரல் கேட்கும் அந்த வருத்தம் அவருக்குக் கலியாணத்துக்கு முன்பே இருந்ததா, மறைத்தார்களா என்று விசாரித்த பாதர் உங்களைக் கேட்டார். நீங்கள் வேதாகமத்தில் கை வைத்துச் சொன்னீர்கள்.

"ஓம் பாதர். பள்ளிக்கூடம் போற காலத்திலையே வந்தது. மறைச்சுத்தான் கட்டி வைச்சனாங்கள்."

உங்கள் மகன் என் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அந்தக் காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாதா?

வெளியில் வந்ததும் கேட்டேன். "ஏன் மாமி பொய் சொன்னனீங்கள்?"

"சத்தம் போடாதை. அவனுக்குக் காவல் இருக்க நான் ஒரு ஆள் காணும். ரண்டு பேரின்ரை சீவியம் போகத் தேவையில்லை."

அடுத்த ஞாயிறு எல்லோரும் பாதர் கையால் நற்கருணை அப்பம் வாங்கி நன்மை எடுக்க எழும்பினார்கள். நீங்கள் எழும்பவில்லை. முழங்கால் நோவு என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் இருந்த இடத்திலேயே இருந்தீர்கள். காய்ச்சலிலும் காலைப் பூசை தவறாத மனுசி! பிறகுதான் எனக்கு விளங்கியது. பாவத்தோடு நன்மை எடுக்கக் கூடாது; பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னால் பொய்யைத் திருத்தச் சொல்வார்கள். திருத்தினால் என் வழி அடைபடும். அதனால் பாவத்தை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் போய் வருவதற்கு முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். என் நன்மைக்காக நீங்கள் நன்மையை விட்டீர்கள். தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறன்றும் நீங்கள் எழும்பவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பாதரிடம் நானே போனேன். "மாமி சொன்னது சரியில்லை, பாதர். அவர் சுகமாத்தான் என்னைக் கட்டினவர்." அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்த நாலு வருடம் உண்மையாக நடந்தது, மாமி. நடக்கவே இல்லை என்று எழுதி வாங்க எனக்கும் மனம் வரவில்லை. மனுவை விட்டுவிட்டேன்.

"விசரி! ஆரடி உன்னைக் கேட்டது?" என்று கத்தினீர்கள். விசர், பைத்தியம் என்பது மகனுக்குச் சுகமில்லாமல் போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொல்லாத சொல். சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்தினீர்கள். அடக்க முடியாமல் சிரித்தோம், பிறகு அழுதோம்.

என்னைக் கேட்டவர் கொஞ்சக் காலம் பார்த்திருந்துவிட்டு வேறு இடத்தில் கட்டினார். கலியாணச் சோறு சாப்பிட நானும் போனேன். உங்கள் மகன் இப்போது கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் இருக்கிறார். பார்க்கப் போனால் என்னை அடையாளம் தெரியாமல் "மிஸ்" என்கிறார்.

சில நாள் உங்கள் மேல் கோபம் வருகிறது, மாமி. சொன்ன பொய்யை விழுங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல வரிசையில் போய் நின்றிருக்கலாமே. எனக்கு இன்று ஒரு வீடு இருந்திருக்கும், இரண்டு பிள்ளைகளாவது இருந்திருக்கும்.

ஆனால் ஆசுப்பத்திரியில் அந்தக் கடைசி நாள் இருக்கிறது. பாதர் நன்மையில் ஒரு துண்டை உங்கள் நாக்கில் வைத்தார். விழுங்க முடியவில்லை. நான் கரண்டியால் தண்ணீர் விட்டேன். மெல்ல இறங்கியது. நீங்கள் கண்ணைத் திறந்து பாதரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வையோடுதான் சீவிக்கிறேன். அது போதுமா, காணுமா என்று மட்டும் கேட்காதீர்கள். சில நாள் காணும். சில நாள் காணாது, மாமி.