உள் கதவின் தாழ்ப்பாள்

டீச்சர்,

பிரிக்பீல்ட்ஸில் நம் பயிற்சிக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் இன்று காலை, தெருப்பக்கத்துச் சன்னல்களின் பலகைகளைத் தச்சர் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானியச் சிப்பாய்களுக்குப் பயந்து நாம் அடித்த பலகைகள். ஆணி பிடுங்கும் சத்தத்தில், காய்ச்சலில் இறந்துபோன உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

சிப்பாய்களிடமிருந்து பெண்களைக் காக்க என்னவெல்லாம் செய்தோம்! முடியைக் கத்தரித்தோம், முகத்தில் கரி பூசச் சொன்னோம். ஆசிரியர் அறைக்கும் விடுதிக்கும் நடுவிலிருந்த கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமென்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. ஒரு பிற்பகல் அதன் வழியாகத்தான் நம் கணக்கு விரிவுரையாளர் உள்ளே போனார். கேரி தீவுத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த பெண்ணைப் பலவந்தப்படுத்தினார். நம்மோடு அமர்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றவர்.

“பொண்ண எஸ்டேட்டுக்கு அனுப்பிடுங்க டீச்சர். வெளிய தெரிஞ்சா நம்ம பேருதான்லா கெடும்,” என்றார் கல்லூரிக் கமிட்டித் தலைவர்.

“நடந்து வந்தது அவரு காலு. ஊருக்கு நடக்கச் சொல்றது இவளையா?” என்று கேட்டீர்கள், விடுதிப் பொறுப்பிலிருந்த நீங்கள்.

அன்று மாலையே பெண்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் வைத்தீர்கள். அவர் வகுப்புக்கு ஒரு பெண்ணையும் அனுப்பாமல், சாப்பாட்டுக் கூடத்தில் நீங்களே கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சலித்து அவர் விலகினார். உடல்நலக் குறைவால் விலகுகிறார் என்று கமிட்டி அறிவித்தது, மாலை போட்டு வழியனுப்பியது. அந்தப் பெண் இப்போது மேரு என்ற ஊரில் தோட்டப் பள்ளி ஆசிரியை.

நேற்று, அந்த விரிவுரையாளரைத் திரும்ப வேலைக்கு அழைக்கக் கூட்டம் போட்டார்கள்.

“சண்ட காலத்துல என்னென்னமோ நடந்துச்சு மாஸ்டர். விடுங்க,” என்றார் அதே தலைவர்.

நான் குரலை உயர்த்தவில்லை. “வரட்டும். பிள்ளைய விட வர்ற ஒவ்வொரு அப்பாகிட்டயும் வாசல்ல நின்னு சொல்வேன். அவ பேரு என் வாயில வராது. அவரு பேரு வரும்.”

எண்ணத்தைக் கைவிட்டார்கள். வெட்கத்தால் அல்ல, பயத்தால். பயம் தெளிந்ததும் மறுபடி கேட்பார்கள். நானும் மறுபடி சொல்லவேண்டும். ஐம்பது கடந்த வயதில், பட்டம் பெற்றவர்களுக்கு இதை விளக்குவது களைப்பாக இருக்கிறது, டீச்சர். யார் கால் நடந்து வந்தது என்ற உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

பலகைகளை அடுக்கிவிட்டுத் தச்சர் உள் கதவருகே நின்றார்.

“இந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிடவா மாஸ்டர்? சண்டதான் முடிஞ்சிபோச்சே.”

“அத விட்டுருங்க அண்ணே,” என்றேன். “அது அந்தச் சண்டைக்குப் போட்டதில்ல.”