ஈயம் நீட்டிய கை

நானா,

இன்று காலை, நாம் வில்கமுவையிலிருந்து தூக்கி வந்த பழைய கணினியின் மூடியைக் கழற்றினேன். கராம்பு வாசனை வந்தது. பழைய கணினியைத் திறந்தால் தூசி மணக்க வேண்டும், அல்லது சூடு கண்ட பிளாஸ்டிக் மணக்க வேண்டும். ஆனால் உங்கள் மசாலா ஸ்டோரில் இருந்த எந்தப் பொருளுக்கும் சொந்த வாசனை மிஞ்சியதில்லை. உங்கள் சட்டைக்கும் இல்லை. உக்குவளைக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவீர்கள். என் மனைவி நீங்கள் இருந்த கதிரையைக் காட்டி, "மசாலா மூட்டை ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு" என்பாள். அதை நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு கடை வாசலைத் தாண்டிக் கேட்டது.

நீங்கள் நோன்பு மாதத்துக்கு முன் காலமாகிப் போனீர்கள். நான் இதை எழுத இவ்வளவு காலம் எடுத்தது துக்கத்தால் அல்ல. துக்கம் முதல் வாரத்திலேயே தெளிவாக இருந்தது. தெளிவில்லாமல் போனது அதற்குப் பிறகுதான்.

நாம் சந்தித்ததே மிளகு விலை பற்றிய ஒரு செய்திக்காக. உங்கள் கடையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சாக்குகளுக்கு நடுவே மூடி கழற்றிய ஒரு கணினி கிடந்தது. மிளகை விட்டுவிட்டு அதைப் பற்றிக் கேட்டேன். தோட்டக் காரியாலயம் ஒன்று வெளியே எறிந்ததைத் தூக்கி வந்ததாகச் சொன்னீர்கள். என் வீட்டிலும் ஒன்று இருந்தது. எங்கள் பத்திரிகையின் மாவட்ட அலுவலகம் கழித்துக் கட்டியது. நான் முதன்முதலில் தமிழில் தட்டச்சுச் செய்த பொறி என்பதால் விட மனமில்லாமல் பஸ்ஸில் கொண்டு வந்திருந்தேன். அன்றைய செய்தியில் மிளகு விலை தவறாகப் போனது. நம் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றிலிருந்து தொடங்கின.

உங்கள் தம்பிக்கு நாம் எப்போதும் வேடிக்கைதான். ஏலக்காய் நிறுத்துக்கொண்டே நம்மைப் பார்த்து, "செத்த மாட்டுக்கு ரெண்டு பேரும் புல்லுப் போடுறாங்க" என்பார். நீங்கள் தலை நிமிராமல் பதில் சொல்வீர்கள்: "நீ நிறுக்கிற பாத்து நிறு. மாடு எழும்பினா ஒனக்குப் பால் இல்ல."

பொறிகளை எங்கே வைப்பது என்பது நம் முதல் பிரச்சினை. உக்குவளையில் என் வீட்டுச் சுவர் மழைக்காலம் முழுவதும் வியர்க்கும். பூசணம் பலகைகளில் ஏறிவிடும். நீங்கள்தான் வழி சொன்னீர்கள். அலுவிகாரையில் உங்கள் மசாலா ஸ்டோர். தரையில் பலகை அடித்தது, காற்றோட்டம் உள்ளது, மாத்தளையில் அதைவிட உலர்ந்த அறை கிடையாது. "மொளகுக்கு ஈரம் ஆகாது, இதுக்கும் ஆகாது. ரெண்டும் ஒரே கூரையில ஈக்கட்டும்" என்றீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என்னிடம் இருந்ததையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். பச்சைத் திரைகள், ஊசி அச்சுப்பொறி, பிளொப்பித் தட்டுப் பெட்டிகள், எல்லாவற்றையும். ஒரு பக்கம் மிளகு மூட்டை, மறுபக்கம் நம் கணினிகள்.

வில்கமுவைக்கு நாம் போன நாளை நீங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் வழி நீண்டது. நடந்தது இவ்வளவுதான். உங்களுக்குச் சோளம் விற்க வந்த ஒருவர், தங்கள் விவசாயிகள் சங்கத்தில் ஒரு கணினி நெல்லுக்குப் பின்னால் கிடப்பதாகச் சொன்னார். போனோம். திறந்தபோது உள்ளே எலிக் கூடு, உமி, ஒரு பழைய வானொலியின் வார். திரும்பும் பஸ் போய்விட்டது. ஒரு டிரக்டர் பெட்டியில் ஏறிக்கொண்டோம். நீங்கள் திரையை மடியில் வைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதற்குப் போர்த்தினீர்கள். வெயில் உங்கள் தலையில் விழுந்தது. டிரக்டர் ஓட்டிய பையன் திரும்பிப் பார்த்து, இதில் கிரிக்கெட் பார்க்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டான்.

"இது டீவி இல்ல மல்லி, டீவிட மூத்தப்பா" என்றீர்கள் அவனிடம், பாதி சிங்களம் பாதி தமிழாக. "வயசாளிக்கு மெதுவா ஓட்டு."

பழைய பொறிக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்க நமக்கென்று ஒரு முறை இருந்தது. உள்ளே இருக்கும் சிறு பற்றரியை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும், அது கசிந்தால் பலகையைத் தின்னும். பிறகு மின்கம்பியின் நடுவே ஒரு குமிழ் விளக்கைக் கோத்து, அதன் வழியாகத்தான் மின்சாரம் விடுவோம். விளக்கு பளீரென்று எரிந்தால் உள்ளே கோளாறு, உடனே நிறுத்த வேண்டும். மங்கலாகத் தணிந்தால் பொறி மூச்சு விடுகிறது. சுவிட்சை அமுக்குவது எப்போதும் நீங்கள். விளக்கைப் பார்ப்பது நான். வில்கமுவைப் பொறிக்கு நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினீர்கள். விளக்கு ஒரு தடவை சிவந்து தணிந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு துடித்தது.

"உசிரு ஈக்கி, பேப்பர்" என்றீர்கள். என்னை நீங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பேப்பரில் எழுதுகிறவன் என்பதால் பேப்பர்.

அந்தப் பொறியை உக்குவளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓடும் நிலையில் வைப்பதாக நாம் முடிவு செய்தோம். அதற்கு ஒரு மேசையும் பேசி வைத்தேன். இரண்டு மூன்று இணைப்புகள் மட்டும் தளர்ந்திருந்தன. அவற்றை ஈயத்தால் பற்றவைத்தால் போதும்.

பிறகு ஒரு வாரம் வர வேண்டாம் என்றீர்கள். வீட்டில் விசேசம் என்றீர்கள். அடுத்த ஞாயிறு நான் வந்தபோது அந்தப் பொறி எழும்பவில்லை. விளக்கு தணியவும் இல்லை, சிவக்கவும் இல்லை. தளர்ந்த இணைப்பைத்தான் முதலில் பார்த்தேன். சூட்டுக்கோலை வைத்தேன், ஈயம் உருண்டு விழுந்தது. செம்பு கறுத்திருந்தது. அழிறப்பரால் தேய்த்தேன். தேய்த்த இடம் பளபளத்து, மறு வாரம் மீண்டும் கறுத்தது. மேலே மெல்லிய ஈரம் வேறு. மாத்தளையின் மிக உலர்ந்த அறையில் பலகை வியர்த்திருந்தது.

"என்ன நானா இது, ஈயம் ஒட்டவே மாட்டேங்குதே" என்றேன்.

நீங்கள் பலகையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தீர்கள்.

"கை நடுங்குது, பேப்பர்."

மூன்று சொல். நான் கையை விளக்கின் கீழ் நீட்டிப் பார்த்தேன். அப்படிச் சொன்ன பிறகு யாருடைய கையும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நமக்கு ஒரு புதிய முறை வந்தது. வலது கையில் சூட்டுக்கோல். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன், ஆடாமல் இருக்க. ஈயக்கம்பியைப் பிடிக்க என்னிடம் மூன்றாவது கை இல்லை. நீங்கள் நீட்டினீர்கள். குனிந்து, மூச்சை அடக்கி, சரியான இடத்தில், சரியான கோணத்தில் நீட்டினீர்கள். ஒட்டாது. இன்னொரு தடவை நீட்டுவீர்கள். ஒட்டாது. "பரவாயில்ல, வயசு போனா அப்பிடித்தான்" என்று பால் விடாத பிளேன்டி ஊற்றித் தருவீர்கள். உங்கள் குரலில் இருந்தது இரக்கம் என்று நான் நினைத்தேன். என் வேலையே குரல்களைக் கேட்டு எழுதுவது.

மாத்தளையில் ஒரு டொக்டரிடம் போனேன். கையை நீட்டச் சொன்னார், விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தது கொஞ்ச நேரம். நீங்கள் என் கையைப் பல வருடங்களாகப் பார்க்கிறீர்கள். உங்களைத்தான் நம்பினேன்.

மோட்டார் சைக்கிளை விற்றேன். நடுங்கும் கையோடு மலைப் பாதையில் ஓட்டக் கூடாது என்று நானே தீர்மானித்தேன். இந்த மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத செய்தியாளர் டவுன் செய்தியாளர்தான். பஸ் போகாத ஊர்களில் நடந்தவற்றை எனக்குப் பதில் வேறு பையன்கள் எழுதினார்கள். சில நேரம் நன்றாகவே எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் பேசி வைத்த மேசையில் இப்போது தண்ணீர்ப் பானை இருக்கிறது. மெல்ல ஸ்டோருக்கு வருவதையும் நிறுத்தினேன். உங்கள் முன்னால் தோற்றுக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ரயில் நிலையத்தடியில் என்னைக் கண்டீர்கள். "வந்துட்டுப் போங்களே பேப்பர். மெஷின் வேணாம், சும்மா இருந்து பேசலாம்." சரி நானா என்றேன். வரவில்லை.

உங்கள் ஜனாஸாவுக்கு வந்தேன், பள்ளிவாசல் வெளியில் நின்றேன். பத்திரிகையில் உங்களைப் பற்றி எழுதியதும் நான்தான். நேர்மையான வியாபாரி என்று எழுதினேன். மிளகில் நீங்கள் அப்படித்தான். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை எழுதியபோது எனக்குத் தெரிந்ததைவிட இப்போது அதிகம் தெரியும்.

போன வாரம் உங்கள் தம்பி கூப்பிட்டார். இடம் வேண்டும், பழைய இரும்புக்காரர் வருவதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போனேன். ஸ்டோர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"சேர், ஃபோன வெளிய வெச்சிட்டு வாங்க."

"ஏன் தம்பி?"

"வண்டு சாக நச்சுப் பொக வர்ற குளிச வெச்சி மூடி, இப்பதான் தொறந்த. மணம் போயிருச்சி, ஆனாலும் எனக்குப் பயம். அந்தக் காத்து செம்பு ஈக்கிற சாமான் எல்லாத்தையும் கறுப்பாக்கி வேர்க்க வெச்சிரும். முந்தி ஒரு தடவ ஃபேன் ரெண்டும் போச்சி."

"முந்தின்னா எப்ப?"

"நீங்க ரெண்டு பேரும் வில்கமுவையில இருந்து டிரக்டர்ல டீவி கொண்டாந்தீங்களே, அதுக்குப் பொறகு. ஏலக்காயில வண்டு விழுந்திச்சி."

நீங்கள் என்னை வர வேண்டாம் என்ற அதே வாரம். செய்தியாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படி ஒன்று காதில் விழுந்தால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பான்.

"அப்ப மெஷின் எல்லாம் எங்க இருந்துச்சு?"

"உள்ளுக்குத்தான். வேற எங்க?"

"நானாவுக்கு அது தெரியுமா, கறுக்கும்னு?"

"என்ன சேர் கேக்கிறீங்க? குளிச வெச்சதே நானா. டிஜிட்டல் தராச அவரேதான் தூக்கிட்டுப் போய் கடையில வெச்சாரு, கெட்டுப்போகும்னு."

"மெஷின்?"

அவர் தோளைக் குலுக்கினார். "சரக்கு ஏத்த லொறி வந்து நின்னிச்சி. அவ்வளத்தையும் வெளிய எடுக்க ஒரு நாள் போகும். நான் கேட்டேன். 'பழைய சாமான் தானே, ஒண்டும் ஆகாது'ன்னாரு."

பழைய சாமான். அந்தச் சொல்லைச் சொன்ன கடை வாடிக்கையாளர் ஒருவரோடு நீங்கள் ஒரு நோன்பு முழுவதும் பேசாமல் இருந்தீர்கள்.

நானா, தராசைத் தூக்கிக்கொண்டு போனதற்காக எனக்குக் கோபமில்லை. லொறி நின்றது, ஏலக்காயில் வண்டு விழுந்தது, வியாபாரம் உங்கள் குடும்பத்தின் சோறு. மறு ஞாயிறு என்னிடம், "பேப்பர், ஒரு பிழை நடந்து போச்சி" என்று சொல்லியிருந்தால் நான் அன்று முழுவதும் ஏசியிருப்பேன். அதற்கடுத்த ஞாயிறு வேறு பொறி தேடிப் போயிருப்போம்.

நீங்கள் அதைச் சொல்லவில்லை. என் கையைக் காட்டினீர்கள். செத்தது பொறி என்று தெரிந்துகொண்டே அந்தச் சாவை என் விரல்களில் எழுதினீர்கள். ஒட்டாது என்று தெரிந்துகொண்டே ஞாயிறுதோறும் குனிந்து ஈயம் நீட்டினீர்கள். நான் வராமல் போய்விடுவேன் என்று பயந்தீர்களா? அப்படியென்றால், பயந்ததை உங்கள் வாயாலேயே நடத்தி முடித்தீர்கள். வெட்கமா? இவ்வளவு காலத்துக்குமா? பதில் சொல்ல வேண்டியவர் இல்லாதபோது, பத்திரிகையில் 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதி முடிப்போம். அந்த வரியை இவ்வளவு வெறுப்போடு நான் எழுதியதில்லை.

வில்கமுவைப் பொறியை மட்டும் எடுத்து வந்தேன். மற்றவை பழைய இரும்புக்காரரின் லொறியில் போயின. ஏற்றியவர்கள் எறிந்துதான் ஏற்றினார்கள்.

நேற்று ஒரு பழைய வானொலியை எடுத்து, புதுக் கம்பியைப் பற்றவைத்துப் பார்த்தேன். கோலை மேசையில் ஒரு தாங்கியில் வைத்து, கம்பியை அதனிடம் கொண்டுபோனேன். முதல் தொடுதலிலேயே ஈயம் ஓடியது. பளபளவென்று, சின்னக் குன்று போல் நின்றது. என் கையில் எந்த நடுக்கமும் இல்லை. இத்தனை வருடமும் இருந்ததில்லை.

இன்று வில்கமுவைப் பலகையில் ஒரு மூலையைச் செம்பு தெரியும்வரை சுரண்டினேன். அது இனி எழும்பாது என்று எனக்குத் தெரியும். ஒரு இணைப்பாவது ஒட்டட்டும் என்றுதான். பலகை பெரிது, தாங்கி உதவாது. சூட்டுக்கோலைக் கையில் எடுத்தேன். நான் சொல்லாமலே இடது கை எழுந்து வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விட்டுவிடு என்றேன். விடவில்லை. அதற்கு அப்படித்தான் பழக்கம், உங்கள் ஸ்டோரில் பழகியது.

கோல் சூடாகிப் புகைந்தது. ஈயம் மேசையில் கிடந்தது. நீட்ட ஆள் இல்லாமல், கையைப் பிடித்த கையோடு, அது ஆறும்வரை இருந்தேன்.